கியூஆர் அட்டைக்குப் பொட்டு வைக்கும் முறை: ஓர் ஆய்வு

ஆயுத பூஜை அன்று கடையில் எந்தெந்தப் பொருளுக்குப் பொட்டு வைப்பது என்பதில் தமிழ் வணிகர்களிடையே அண்மைக்காலம் வரை பெரிய கருத்து வேறுபாடு இருந்ததில்லை. தராசு, படிக்கல், கல்லாப்பெட்டி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாசலில் நிற்கும் வண்டி, ஷட்டர் பூட்டு எனக் கைக்கு அகப்பட்ட அனைத்துக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பது மரபு. கால்குலேட்டருக்குத் திரையின் மேல் வைப்பதா, சமன்குறிப் பொத்தானின் மேல் வைப்பதா என்றொரு சிறு பூசல் உண்டு. அது தனி ஆய்வுக்குரியது.

இந்த அமைதி 2016-இல் குலைந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் கைபேசி வழியே பணம் அனுப்பும் யுபிஐ முறை வந்தது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போயின. அடுத்த சில ஆண்டுகளுக்குள் கல்லாப்பெட்டியின் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த அட்டையொன்று வந்து நின்றுகொண்டது. கல்லாவைவிட அதிகமாகச் சம்பாதித்துக் கொடுக்கும் பொருளுக்குப் பொட்டு வைக்காமல் விடலாகாது என்பதில் எந்த முதலாளிக்கும் ஐயமில்லை. எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். தராசுக்கு முள் இருக்கிறது, வண்டிக்கு ஹெட்லைட் இருக்கிறது. இந்த அட்டைக்கு நெற்றி எது?

நூல்கள் இதற்கு வழிகாட்டவில்லை. விளைவு, பூஜைக்கு மறுநாள் போணி நேரத்தில் வாடிக்கையாளர் கைபேசியை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு நிற்கிறார். முதலாளி ஈரத்துணியால் குங்குமத்தைத் துடைக்கப் போய், ஒரு பொட்டாக இருந்ததை ஒரு சாயமாக மாற்றிவிடுகிறார். இந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புத்தகமா, ஆயுதமா?

இடத்தை ஆராயுமுன் தகுதியை ஆராய வேண்டும். ஆயுத பூஜை ஆயுதங்களுக்கு உரியது. அட்டை ஆயுதமா? கத்தரிக்கோல் வெட்டுகிறது, கரண்டி கிண்டுகிறது, தராசு ஏறி இறங்குகிறது. அட்டை எதுவும் செய்யாமல் நிற்கிறது. பார்ப்பது, படிப்பது, பணம் அனுப்புவது எல்லாம் வாடிக்கையாளரின் கைபேசி. ஆகவே பொட்டுக்கு உரியது அவருடைய கேமரா லென்ஸே என்று ஒரு தரப்பார் வாதிடலாம். தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் அந்த வாடிக்கையாளர் மறுபடி அந்தத் தெருப்பக்கமே வரமாட்டார் என்பதால் இந்தத் தரப்பு கைவிடப்படுகிறது.

அட்டை ஒரு நூல் என்பது இரண்டாம் தரப்பு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்தக் கட்டங்களுக்குள் இருப்பது எழுத்துத்தான். யுபிஐ என்று தொடங்கும் ஒரே ஒரு வரி. அதில் பணம் பெறுபவரின் முகவரி, பெயர், நாணயம் ரூபாய் என்ற குறிப்பு ஆகியவை இருக்கும். தொகை மட்டும் இருக்காது. அதை வாடிக்கையாளர் அடித்துக்கொள்கிறார். தொகையையும் உள்ளே எழுதிவிட முடியும். சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டதும் திரையில் தோன்றும் குறி அத்தகையது, அந்த ஒரு பில்லோடு அதன் வாழ்க்கை முடிந்துவிடும். டீக்கடைக்காரர் 15 ரூபாய் என்று உள்ளே எழுதி அச்சடித்துவிட்டால் வடைக்கு வழியில்லாமல் போய்விடும்.

எழுத்து என்றால் சரஸ்வதிக்கு உரியது. சரஸ்வதி பூஜையும் அதே நாள்தான். பூஜையில் வைத்த புத்தகத்தை விஜயதசமி அன்று எடுக்கும்வரை படிக்கக் கூடாது என்பது பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக உற்சாகத்தோடு காத்துவரும் விதி. அட்டை நூலாகுமானால் அன்று முழுவதும் அதைப் படிக்கலாகாது. படிக்காவிட்டால் பணம் வராது. பொரி, கடலை, வாழைக்கன்று, திருஷ்டிப் பூசணி விற்பவர்களுக்கு ஆண்டின் பெரிய வியாபாரமே அந்த நாளில்தான்.

இவ்வாய்வாளர் கண்ட தீர்வு இது. படித்தல் என்பது மனிதர் கண்ணால் கண்டு பொருள் உணர்வது. இந்த எழுத்தை அதை அச்சடித்தவராலும் வாசிக்க முடியாது, அதற்கு உரிமையாளராலும் முடியாது. கைபேசி அதைப் படமெடுக்கிறது, அவ்வளவுதான். விலக்கப்பட்டது படிப்பு, நிகழ்வது படப்பிடிப்பு. பூஜையில் இருக்கும் புத்தகத்தைப் படமெடுக்காதே என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. ஆகவே அட்டை நூலேயாயினும் அன்றைக்கும் அதன்வழி காசு வாங்கலாம் என்க.

மூலவரலாறு

1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரும் அவர் குழுவினரும் கியூஆர் குறியை உருவாக்கினார்கள். டென்சோ டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த வாகன உதிரிபாக நிறுவனம். அங்கே பெட்டிகளில் ஒட்டியிருந்த பார்கோடு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 எழுத்துகளையே தாங்கும். ஒரே பெட்டியில் பல பார்கோடுகளை ஒட்டி, ஒவ்வொன்றாகப் படிக்கவைத்துத் தொழிலாளர்கள் கை ஓய்ந்தார்கள். ஹாரா மதிய இடைவேளையில் கோ என்னும் பலகை ஆட்டம் விளையாடுகிறவர். கட்டம் போட்ட பலகையில் கறுப்புக்காய், வெள்ளைக்காய். அதைப் பார்த்துத்தான் குறுக்கே மட்டுமல்லாமல் நெடுக்கேயும் தகவலை அடுக்கும் எண்ணம் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். நம்மூர்ப் புள்ளிக்கோலத்தைப் பார்த்துத்தான் ஜப்பான்காரன் காப்பியடித்தான் என்று என்றைக்காவது ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுக்கு வரும். அதை இப்போதே மறுத்து வைக்கிறேன்.

நம் ஆய்வுக்கு முக்கியமானது வேறொன்று. தொழிற்சாலையில் எண்ணெய்க் கறை படும், தூசி அப்பும், ஓரம் கிழியும். அப்படிக் கறைபட்டாலும் படிக்க முடிய வேண்டும் என்று முதலிலேயே முடிவுசெய்து, சேதத்தைச் சரிசெய்யும் கணிதத்தை உள்ளே வைத்தார்கள். டொயோட்டா கிரீஸுக்காகச் செய்த அந்த ஏற்பாட்டைத்தான் நாம் குங்குமத்துக்குப் பயன்படுத்தப் போகிறோம். டென்சோ காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டே, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டது. 2000-இல் பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவும் இதை ஏற்றது. அதனால்தான் நம் டீக்கடை டொயோட்டாவுக்கு ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை.

நான்கு மூலையும் மூன்று கண்ணும்

புதுக்கணக்கு நோட்டானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது நம் வழக்கம். இந்த வழக்கத்தை அட்டைக்கும் நீட்டுவோரை மூலைவாதிகள் எனலாம். நடுவில் ஒன்றே ஒன்று வைப்போர் நடுவாதிகள். களத்தில் இரு சாராரையும் காணலாம். ஒரே கடையில் கணவர் மூலைவாதியாகவும் மனைவி நடுவாதியாகவும் இருப்பதுண்டு.

மூலைவாதிகளின் முதல் இடர்ப்பாடு எண்ணிக்கை. அட்டையில் நான்கு மூலை இருந்தாலும் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த பெரிய கண்கள் மூன்றே. மேலே இரண்டு, கீழே இடப்பக்கம் ஒன்று. நான்காவது மூலையில் கண்ணில்லை. அங்கே சற்று உள்ளே தள்ளி ஒரு சின்னச் சதுரம் மட்டும் இருக்கும். இந்தக் குறையை வைத்துத்தான் கைபேசி மேல் எது, கீழ் எது என்று அறிகிறது. கடைப்பையன் அட்டையைத் தலைகீழாக மாட்டினாலும் காசு வருவது இதனால்தான். மூன்று கண் இருப்பதைக் கொண்டு இதை இன்ன தெய்வத்தோடு சேர்க்க வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். அந்த வழக்கில் ஆய்வாளர் தலையிடுவதில்லை.

கண்ணின் இலக்கணம் பார்ப்போம். கண்ணின் நடுவே எந்தப் பக்கமாகக் கோடு இழுத்தாலும் கறுப்பு ஒரு பங்கு, வெள்ளை ஒரு பங்கு, கறுப்பு மூன்று பங்கு, வெள்ளை ஒரு பங்கு, கறுப்பு ஒரு பங்கு என்று வரும். ஹாரா குழுவினர் துண்டறிக்கைகள், இதழ்கள், அட்டைப்பெட்டிகள் என அச்சான பொருள்களையெல்லாம் அலசி, உலகத்தில் தற்செயலாக மிகக் குறைவாகத் தென்படும் விகிதம் எதுவென்று தேடி இதைப் பிடித்தார்கள். கைபேசி முதலில் தேடுவது இந்த விகிதத்தைத்தான். மூன்றும் அகப்பட்ட பிறகே அது உள்ளே நுழைந்து படிக்கத் தொடங்கும். ஆய்வுக்காக அவ்வளவு காகிதத்தைப் புரட்டியவர்கள், சந்தனமும் குங்குமமும் வைத்த ஒரு காகிதத்தைப் புரட்டவில்லை. ஆராய்ச்சியில் இடைவெளி என்பது இதுதான்.

கேமரா நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தின் அளவை மட்டும் கணக்கில் எடுக்கும். அதன் பார்வையில் காய்ந்த சந்தனம் வெள்ளை. நல்ல அடர் குங்குமம் பெரும்பாலும் கறுப்பு. இதிலிருந்து ஒரு நுட்பமான விதி பிறக்கிறது. கண்ணின் கருமணியாகிய நடுச்சதுரத்துக்குள் அடங்குமாறு வெறும் குங்குமம் வைத்தால் கறுப்பின்மேல் கறுப்பு, கண்ணுக்குக் கேடில்லை. சந்தனம் வைத்தால் கருமணியில் வெள்ளை விழும். சந்தனத்தின் மேல் குங்குமம் என்ற மங்கல முறைப்படி வைத்தாலோ மூன்று பங்குக் கறுப்பு இருந்த இடத்தில் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று ஐந்து துண்டு வந்துவிடும். அப்போது கைபேசிக்கு எதிரே ஓர் அட்டை இருப்பதே தெரியாது. சேதத்தைச் சரிசெய்யும் கணிதம் இங்கே கைகொடுக்காது. அது வேலை செய்யத் தொடங்குவது கண்ணைக் கண்டுபிடித்த பிறகுதான். ஆக, சம்பிரதாயப்படி மிகச் சரியான பொட்டே வியாபாரத்துக்கு மிகக் கெடுதலான பொட்டு.

சதுரத்தைச் சுற்றி வெற்று ஓரம் ஒன்று உண்டு. நாலு பக்கமும் நான்கு கட்ட அகலம் வெறுமையாக விட வேண்டும் என்பது விதி. கொஞ்சம் தெரிந்தவர்கள்கூட அச்சகத்தில் இதை வெட்டிவிட்டு, இடம் மிச்சமாயிற்று என்று மகிழ்வார்கள். மூலைவாதிகளுக்கு இங்கேதான் ஆறுதல். மஞ்சள் வெளிர் நிறம். வெற்று ஓரத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொள்ளலாம், எந்தக் கைபேசியும் ஆட்சேபிக்காது. குங்குமம் மட்டும் அங்கே ஆகாது.

பொட்டின் கணிதம்

நடுவாதிகளின் தரப்பை எண்களால் சோதிப்போம். கியூஆர் குறியில் 40 அளவுகள் உண்டு. முதல் அளவுக்குப் பக்கத்துக்கு 21 கட்டம்; ஒவ்வோர் அளவுக்கும் நான்கு கட்டம் கூடிக்கொண்டே போய் நாற்பதாவதில் 177 ஆகும். சேதம் தாங்கும் சக்தியிலும் நான்கு நிலைகள்: எல் 7 சதவீதம், எம் 15, கியூ 25, ஹெச் 30. கடையட்டைக்கு எடுத்துக்காட்டாக ஆறாம் அளவை, எம் நிலையில் கொள்வோம். பக்கத்துக்கு 41 கட்டம், மொத்தம் 1,681. குறியின் அகலம் 10 சென்டிமீட்டர் என்றால் ஒரு கட்டம் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர்.

ஒரு சென்டிமீட்டர் அகலப் பொட்டு இதில் சுமார் 13 கட்டங்களை மறைக்கும். ஆனால் கணக்கு கட்டத்தில் நடப்பதில்லை. எட்டுக் கட்டம் சேர்ந்து ஒரு குறிச்சொல். நம் அட்டையில் மொத்தம் 172 குறிச்சொற்கள். அவற்றுள் செய்தி 108, மீதி 64 சேதம் ஏற்பட்டால் மீட்பதற்கு. இவை நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அணியும் தன்னில் எட்டுக் குறிச்சொல் வரை கெட்டுப்போனாலும் எது கெட்டது, அங்கே என்ன இருந்தது என்று தானே கண்டுபிடித்துவிடும். நம் பொட்டு தொடுவது அதிகம் போனால் எட்டுக் குறிச்சொற்கள். அவை நான்கு அணிகளுக்குள் சிதறினால் நலம். கெட்டநேரம், எட்டும் ஒரே அணியில் விழுந்தாலும் அணி தாங்கும். ஆக நடுப்பொட்டு பாதுகாப்பானது என்று கணித முறையில் நிறுவப்பட்டது.

இந்தக் கணிதம் 1960-இல் இர்விங் ரீடு, கஸ்டவ் சாலமன் என்ற இருவர் தந்தது. சிடியில் கீறல் விழுந்தாலும் பாட்டு விக்காமல் ஓடியது இதனால். 1986-இல் வாயேஜர் 2 யுரேனஸைக் கடந்தபோது எடுத்த படங்கள் பூமிக்குப் பிழையில்லாமல் வந்து சேர்ந்ததிலும் இதற்குப் பங்குண்டு. யுரேனஸைக் காப்பாற்றியது வடைக் காசையும் காப்பாற்றுகிறது.

இதில் வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. ஒரு குறிச்சொல்லில் ஒரு கட்டம் கெட்டாலும் அது கெட்டதுதான், எட்டும் கெட்டாலும் ஒரு முறை கெட்டதுதான். ஆகவே அதே அளவுக் குங்குமத்தைக் கெட்டியாக ஓரிடத்தில் வைப்பது நல்லது. கையில் அள்ளி அட்டை முழுக்கத் தூவுவது கேடு. தூவிய துளிகள் ஒவ்வொன்றும் ஒரு கட்ட அளவுக்குப் பெரிதாக இருந்தால், ஒவ்வொன்றும் தனித்தனிக் குறிச்சொல்லைக் கெடுத்துவைக்கும். பெரிய பொட்டு வைப்பதை வீண்விரயம் என்று மாமியார்கள் கண்டிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அட்சதை போடுவதற்கும் இதே விதி. அரிசி கீழே உருண்டுவிடுவதால் அதில் ஆபத்து குறைவு.

விபூதிப் பட்டை பற்றிச் சுருக்கமாக. குறுக்கே மூன்று பட்டை, அட்டை அகலத்துக்கு, ஒவ்வொன்றும் விரல் தடிமன் என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஹெச் நிலைகூடத் தாங்காது. மாலை போடுவோர் மேலிரு கண்ணையும் மறைத்துவிடுகிறார்கள். கதம்பத்தைத் தாங்கியின் அடியில் சுற்றினால் போதும். எலுமிச்சை மிளகாய்க் கயிறு காற்றில் ஆடும் என்பதால் ஆடி விலகும் நேரத்தில் ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

லோகோக் கோட்பாடும் உற்சவரும்

மேற்கண்ட கணக்கு, அட்டையின் நடுப்பகுதி சுத்தமாக இருக்கிறது என்று கொண்டு போட்டது. உண்மையில் பல அட்டைகளின் நடுவில் நிறுவனத்தின் லோகோ உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்று யாரும் உள்ளே இடம் ஒதுக்கவில்லை. அங்கிருந்த கட்டங்களை மறைத்துக்கொண்டுதான் அது இருக்கிறது. அதாவது அச்சகத்திலிருந்து வரும்போதே அட்டை அடிபட்டுத்தான் வருகிறது. மீட்புக் கணிதம் ஒவ்வொரு முறையும் அந்த லோகோவை ஒரு கறையாகவே பாவித்துத் திருத்திக்கொண்டிருக்கிறது. நிறுவனத்தார் இதைக் கேட்டால் வருந்துவார்கள்.

இதிலிருந்து சித்தாந்தம் தானாகவே வருகிறது. லோகோவுக்குப் பக்கத்தில் வைத்த பொட்டு சேதத்தோடு சேதமாகக் கூடும். லோகோவின் மேலேயே வைத்த பொட்டு, ஏற்கெனவே போன இடத்தில் போனது. கூடுதல் சேதம் சுழியம். சந்தனமோ குங்குமமோ நாமக்கட்டியோ, லோகோவின் எல்லைக்குள் எதை வைத்தாலும் குற்றமில்லை. அட்டையின் நெற்றி லோகோவே என்பது இவ்வாய்வின் தலையாய முடிவு.

இன்னும் பாதுகாப்பான முறை ஒன்றுண்டு. ஒரு காலத்தில் ஒவ்வொரு செயலிக்கும் தனி அட்டை வேண்டியிருந்தது. 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, புதிதாக யாரும் தங்களுக்கென்று தனிக்குறி தொடங்கக் கூடாது, ஏற்கெனவே இருப்பவை 2022 மார்ச் 31-க்குள் எல்லாச் செயலிகளும் படிக்கும் வகைக்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டது. அதன்பின் ஒரே அட்டை போதும். ஆனாலும் கடைகளில் மூன்று நான்கு அட்டைகள் வரிசையாக நிற்கின்றன. விற்பனைப் பிரதிநிதி கொண்டுவந்து வைத்ததை எடுத்துப் போட நமக்கு மனம் வராது. இந்த உபரியைக் கோயில் முறைப்படி ஒழுங்குபடுத்தலாம். பழைய அட்டை உற்சவர். சந்தனக்காப்பு, மாலை, தீபாராதனை எல்லாம் அவருக்கே. மூலவர் கல்லா அருகில் துடைத்த நிலையில் இருந்து காசு வாங்கிக்கொண்டிருப்பார். உற்சவரின் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் வாடிக்கையாளர் கைக்கு எட்டாத உயரத்தில் எழுந்தருளச் செய்ய வேண்டும்.

பணம் வந்ததைக் குரலில் சொல்லும் அறிவிப்புப் பெட்டியையும் சொல்லியாக வேண்டும். பஜ்ஜி மாவில் கை இருக்கும்போது கைபேசியைப் பார்க்க முடியாத மக்களுக்காக வந்தது அது. உள்ளே தனி சிம் இருக்கிறது. பணம் வந்த செய்தி அதற்கு நேரே வருவதால், வாடிக்கையாளர் தன் திரையில் பச்சை டிக்கைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. காலையில் முதல் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட முதலாளிகள் இப்போது முதல் அறிவிப்பு வந்ததும் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைக் காண்கிறோம். பொட்டை ஒலித்துளைகளின் மேல் வைக்காதீர்கள். உள்ளே பேசும் அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிடும்.

அட்டை செய்வோர்க்குச் சில சொற்கள்

நடுவில் பொட்டு வைக்கும் எண்ணமோ லோகோ வைக்கும் எண்ணமோ இருந்தால் கியூ அல்லது ஹெச் நிலையில் செய்யுங்கள். ஆனால் சக்தி கூடக்கூடக் கட்டங்கள் நெருங்கும். 58 எழுத்து வரி ஒன்று எம் நிலையில் நான்காம் அளவில், 33 கட்டத்தில் அடங்கிவிடும். அதையே ஹெச் நிலையில் செய்தால் ஆறாம் அளவு, 41 கட்டம். அதே அட்டையில் கட்டம் சிறுத்துவிடும், தள்ளி நின்று எடுப்பவருக்குக் கஷ்டம். பளபளப்பான லேமினேஷன் ட்யூப்லைட்டை அப்படியே காட்டும். மங்கல் பூச்சு நல்லது, இந்த விஷயத்தில் மட்டும் மங்கலே மங்கலம். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டம் என்று அழகு பார்த்தால் சில பழைய கைபேசிகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழிகாட்டும் குறி அச்சடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முகவரியை நேரடியாக உள்ளே எழுதிய குறிக்கு ஆயுள் முடிவதில்லை. காகிதம் இருக்கும்வரை அது இருக்கும். இலவசமாகச் செய்து தருகிறோம் என்னும் சில இணையச் சேவைகள் உங்கள் முகவரிக்குப் பதிலாகத் தங்கள் முகவரியை உள்ளே வைத்து, அங்கிருந்து உங்களிடம் திருப்பிவிடுகின்றன. பின்னால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியும் என்பதெல்லாம் அதன் வசதிகள். இலவசக் காலம் முடிந்ததும் திருப்பிவிடுவது நின்றுபோகும். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி ஊருக்கெல்லாம் கொடுத்த பத்திரிகையைச் சொந்தக்காரர் ஸ்கேன் செய்தால், மண்டபத்துக்குப் பதிலாகச் சந்தா கட்டச் சொல்லும் பக்கம் வந்து நிற்கும். அவர் அதையும் மொய்க் கணக்கில் சேர்க்கப் பார்ப்பார்.

பொட்டால் விளையும் எதிர்பாராத பயன்

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் சில கடைகளில் இரவோடு இரவாக யாரோ வந்து, கடைக்காரர் குறியின் மேல் தங்கள் குறியை ஒட்டிவிட்டுப் போனார்கள். காலையில் வந்த காசெல்லாம் அவர்கள் கணக்குக்குப் போனது. திரையில் வேறு பெயர் வருகிறதே என்று கேட்கப்போய்த்தான் விஷயம் வெளியே வந்தது. மனிதர் வாசிக்க முடியாத எழுத்தின் பலவீனம் இது. கடைப்பலகையில் முருகன் ஸ்டோர்ஸை அழித்துக் கந்தன் ஸ்டோர்ஸ் என்று எழுதினால் தெருவே கேட்கும். கட்டங்கள் மாறினால் கட்டின மனைவிக்கும் தெரியாது.

இங்கேதான் பொட்டு ஆயுத பூஜையைக் கடந்து ஆண்டு முழுவதற்குமான பொருளாகிறது. வெற்று ஓரத்துக்கும் வெளியே, ஒட்டுத்தாளின் விளிம்பில் பாதியும் அடியிலுள்ள பலகையில் பாதியுமாக விழும்படி ஒரு பொட்டு வையுங்கள். எவன் மேலே புதுத்தாள் ஒட்டினாலும் பொட்டில் பாதி காணாமல் போகும். பழைய தாளை உரித்தால் பொட்டு பிளக்கும். அரசு அலுவலகத்தில் அரக்கு முத்திரை செய்யும் வேலையை இங்கே குங்குமம் செய்துவிடும். காலையில் கடை திறந்ததும் கும்பிடுகிற கண்ணால் பொட்டு முழுசாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டால் ஒரே வேலையில் பக்தியும் தணிக்கையும் முடிந்தது. பணம் கட்டுகிறவரும் திரையில் வரும் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு அனுப்புவது நல்லது. பணம் தருகிறேன், இந்தக் குறியை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள் என்று எவராவது சொன்னால் கூசாமல் போனை வைத்துவிடலாம். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம்.

களச்சோதனை

கோட்பாடுகளைக் களத்தில் சோதிக்க, ஆயுத பூஜை அன்று திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு டீக்கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா அட்டையின் லோகோ மேல், எல்லை தாண்டாமல், சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். மூன்று கண்ணும் தெளிவாக இருந்தன. விளிம்பில் முத்திரைப் பொட்டு இல்லாதது மட்டுமே குறை. டீயைக் குடித்துவிட்டு நிம்மதியாகக் கைபேசியை நீட்டினேன். படிக்கவில்லை. பாய்லருக்குப் பக்கத்தில் வைத்திருந்ததால் பிளாஸ்டிக் உறைக்குள் ஆவி புகுந்து அட்டை முழுவதும் பனிமூட்டம். ஆவியைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

“ஸ்கேனர் எடுக்கலையா? நம்பர் போட்டு அனுப்பிருங்க சார், கீழ எழுதியிருக்கு பாருங்க” என்றார்.

மார்க்கரில் பெரிதாக எழுதியிருந்தது. பத்து இலக்கம். ஏழாவது இலக்கத்தின் மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“நம்பருக்கும் ஒண்ணு வெச்சேன். அதுவும்தானே சம்பாதிக்குது?”

கைபேசி எண்ணில் ரீடும் இல்லை, சாலமனும் இல்லை. பத்து இலக்கமும் செய்தி. மீட்பதற்கென்று ஒன்றும் கிடையாது. ஒன்று மறைந்தால் பத்து வாய்ப்பு, அதில் ஒன்பது வேறு யாரோ.

“அது என்ன நம்பர்க்கா?”

“எனக்கெப்படி சார் தெரியும்? எனக்கு நானே போன் பண்ணிக்கிறேனா? அவருக்குத்தான் மனப்பாடம். மாலை வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருக்காரு.”

சட்டைப்பையில் ஓர் ஐம்பது ரூபாய் நோட்டு இருந்தது. நீட்டினேன். கல்லாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

“சில்லறை இல்ல சார். இன்னொரு டீயும் ரெண்டு வடையும் எடுத்துக்கங்க, கணக்கு நேராயிரும்.”